கடலுக்காக ஒரு வரி

‘கடலில் கரைத்த பெருங்காயம்’ என்று நம் வீடுகளில் ஒரு பழமொழி வழங்கி வருகிறது. பட்ட பாடும் செலவிட்ட பொருளும் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டால், நம் பாட்டிமார் இதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். இந்தப் பழமொழியின் அடியில் ஒரு பழைய நம்பிக்கை மறைந்து கிடக்கிறது. கடல் எல்லையற்றது, அதில் எதைக் கொட்டினாலும் கரைந்துவிடும், மணம் கூட மிஞ்சாது என்பதே அந்த நம்பிக்கை. உலகத்தின் பெரிய கடலோரப் பட்டினங்கள் பலவும் இதையே ஆதாரமாகக் கொண்டு தங்கள் சாக்கடைகளைக் கடலை நோக்கித் திருப்பின. அந்த நம்பிக்கை பொய்த்தபோது அவை என்ன செய்தன, அதற்கு வேண்டிய பணத்தை யார் கொடுத்தார்கள் என்பது சுவையான சரித்திரம்.

நான் மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பவன். அறிக்கைகளிலும் வரவு செலவுத் திட்டங்களிலும் ‘பொதுநிதி’ என்ற சொல்லை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். எழுத எழுத அச்சொல் தேய்ந்துபோய், யாருக்கும் சொந்தமில்லாத பணம் என்ற எண்ணமே மனத்தில் தங்கிவிட்டது. பொதுநிதி என்பது ஊரார் தத்தம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த காசு என்பதை எனக்கு மறுபடியும் நினைவூட்டியது ஒரு நகரத்தின் கதை. அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள லாஸ் ஏஞ்சலிஸ் நகரமும், அதன் எதிரே விரிந்து கிடக்கும் சாண்டா மோனிகா விரிகுடாவும் அந்தக் கதையின் இரு பாத்திரங்கள். வேற்றூரில் வாழும் நமக்கு அக்கதையில் ஒரு தனி அக்கறை உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் இடத்தை அறிந்து கொள்வோம். வடக்கே டூம் முனையிலிருந்து தெற்கே பாலோஸ் வெர்டெஸ் குன்றுகள் வரை பிறை போல வளைந்திருக்கிறது அந்த விரிகுடா. அதன் கரையில் சாண்டா மோனிகா, மன்ஹாட்டன் பீச், ஹெர்மோஸா பீச், ரெடாண்டோ பீச் முதலிய சிற்றூர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி நகரசபை உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் மையப் பகுதியோ கடலிலிருந்து சுமார் 15 மைல் உள்ளே இருக்கிறது. அந்நகரத்தின் குடிமக்களில் பெரும்பாலோர் காலையில் எழுந்தால் கடலைக் காண்பவர்கள் அல்லர்.

அது மட்டுமன்று, அவர்களில் மிகப் பலர் அந்த மண்ணில் பிறந்தவர்களும் அல்லர். 1890-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நகரத்தின் ஜனத்தொகை 50,395. 1930-ம் ஆண்டில் அது 12,38,048. நாற்பதே ஆண்டுகளில் இருபத்து நான்கு மடங்கு பெருக்கம்! அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள விவசாய ராஜ்யங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் ரயிலேறி வந்தார்கள். கடலே இல்லாத அயோவா ராஜ்யத்திலிருந்து வந்தவர்கள் மிகுதியாகையால், அருகிலுள்ள லாங் பீச் என்னும் ஊருக்குக் ‘கடலோர அயோவா’ என்றே ஒரு செல்லப் பெயர் ஏற்பட்டது. அயோவாக்காரர்கள் சங்கம் வைத்து, ஆண்டுதோறும் பூங்காக்களில் கூடி விருந்துண்டு, சொந்த ஊர்ச் செய்திகளைப் பேசி மகிழ்ந்தார்கள். தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் தமிழ்ச் சங்கம் கண்ட நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

இத்தனை மக்களுக்கும் குடிநீர் வேண்டுமே! 1913-ம் ஆண்டில் 233 மைல் நீளமுள்ள கால்வாய் ஒன்றை வெட்டி, ஓவன்ஸ் ஆற்று நீரை நகரத்துக்குக் கொண்டு வந்தார்கள். பெருங்கூட்டம் கூடி அந்த நீர் பாய்வதைக் கண்டு ஆரவாரம் செய்தது. ஆனால் உள்ளே வரும் தண்ணீர் ஒரு நாள் வெளியே போகவும் வேண்டும் என்பதை நினைத்து யாரும் விழா எடுக்கவில்லை. இது எந்த நாட்டிலும் உள்ள இயல்புதான். குழாயில் தண்ணீர் வரும் வழியை எல்லோரும் அறிவர். அது வீட்டை விட்டுப் போகும் வழியை அறிந்தவர் சிலரே.

அந்த வழியை நகரசபை முன்னமே அமைத்திருந்தது. 1892-ம் ஆண்டில் கடற்கரையில் 200 ஏக்கர் மணல் நிலத்தை அது விலைக்கு வாங்கிற்று. அவ்விடத்துக்கு ஹைபீரியன் என்று பெயர். கிரேக்கப் புராணத்தில் சூரியனுக்குத் தந்தையாகச் சொல்லப்படும் தேவனின் பெயர் அது. 1894-ம் ஆண்டு முதல் அங்கிருந்து நகரத்தின் சாக்கடை நீர் எவ்விதச் சுத்தமும் செய்யப்படாமல் அப்படியே கடலில் விழுந்தது. ஊர் சிறிதாக இருந்தவரை கடல் அதை ஏற்றுக்கொண்டது போலவே தோன்றிற்று. ஊர் பெருகிய பிறகு அலைகளே அதைத் திருப்பிக் கரையில் கொண்டுவந்து போட்டன.

1925-ம் ஆண்டில் அந்த இடத்தில் ஒரு சல்லடை நிலையம் கட்டினார்கள். சாக்கடை நீரில் மிதந்து வரும் பெரிய பொருள்களைச் சல்லடையால் தடுத்துவிட்டு, மீதியைக் கடலுக்கு அனுப்புவதே அதன் வேலை. கண்ணுக்குத் தெரிவதில் ஒரு பகுதி நின்றது. கண்ணுக்குத் தெரியாத நோய்க் கிருமிகள் தாராளமாகச் சென்றன. குறைந்த செலவில் ஒரு காரியத்தை முடித்துவிட்டோம் என்ற திருப்தி நகரசபைக்கு இருந்திருக்கலாம். கடற்கரை ஊர்களுக்கு அந்தத் திருப்தி இல்லை.

1943-ம் ஆண்டில் கலிபோர்னியா ராஜ்யத்தின் பொதுச் சுகாதார வாரியம் ஹைபீரியனை அடுத்த சுமார் 10 மைல் கடற்கரையை மூடிவிட்டது. அந்த நீரில் இறங்குவது உடலுக்கு அபாயம் என்று எச்சரித்து, குளிப்பதற்கும் நீந்துவதற்கும் தடை விதித்தது. இதில் ஒரு நியாயப் பிரச்னை அடங்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும். கழிவைக் கொட்டியது பெரிய நகரம். கடையை மூடிவிட்டு நின்றவர்கள் கரையிலிருந்த சிற்றூர்க்காரர்கள். கொட்டியவனுக்குச் செலவு இல்லை, கொட்டாதவனுக்கு நஷ்டம். அந்தச் சிற்றூர்களின் நகரசபைகளுக்குப் பெரிய நகரத்தின் மீது வரி விதிக்கும் அதிகாரமும் இல்லை. மேலே உள்ள ராஜ்ய அரசாங்கத்திடம் முறையிடுவது ஒன்றுதான் அவற்றுக்கு இருந்த வழி.

யுத்தம் முடிந்ததும் லாஸ் ஏஞ்சலிஸ் விழித்துக்கொண்டது. 1950-ம் ஆண்டில் ஹைபீரியனில் புதிய சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. அது அக்காலத்தின் சிறந்த நிலையங்களுள் ஒன்று. அதன் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதற்படியில் கழிவுநீரைப் பெரிய தொட்டிகளில் அசையாமல் நிறுத்தி, கனமான கசடு அடியில் படியும்படி செய்வார்கள். இரண்டாம் படியில் காற்றைச் செலுத்தி, நன்மை செய்யும் நுண்ணுயிர்களை வளர்த்து, நீரில் கரைந்துள்ள அழுக்கை அவை தின்று தீர்க்கும்படி செய்வார்கள். முதற்படி மலிவானது, இரண்டாம் படியில்தான் செலவு மிகுதி. கடலுக்கு உண்மையான பாதுகாப்பு தருவதும் இரண்டாம் படிதான். 1950-ல் நகரம் இரண்டையும் செய்தது. படிந்த கசட்டைப் பக்குவப்படுத்தி உலர்த்தி உரமாகவும் ஆக்கியது. இத்தகைய நிலையங்களுக்கு மத்திய அரசாங்கம் நிரந்தர மானியத் திட்டம் ஏற்படுத்தியது 1956-ல்தான். ஆகவே 1950-ம் ஆண்டு நிலையத்தின் பாரத்தை நகரத்து மக்களே சுமந்தார்கள் என்று கொள்ளலாம்.

இந்த மாறுதலை நேரில் கண்டு எழுதியவர் ஆல்டஸ் ஹக்ஸ்லி. ஆங்கில இலக்கிய உலகில் புகழ்பெற்ற அந்த ஆசிரியர் அப்போது அந்தப் பகுதியில் வசித்து வந்தார். இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சற்று முன், ஜெர்மானிய நாவலாசிரியர் தாமஸ் மன்னுடன் அக்கடற்கரையில் உலாவியபோது, மணல் முழுவதும் சாக்கடையிலிருந்து ஒதுங்கிய அருவருப்பான பொருள்கள் கிடந்ததை அவர் கண்டார். பல ஆண்டுகளுக்குப் பின் அதே இடத்துக்குப் போனபோது மணல் சுத்தமாக இருந்தது. ஹைபீரியன் நிலையமே அதற்குக் காரணம் என்று தெரிந்து, அதைப் பாராட்டி ஒரு கட்டுரை எழுதினார். 1956-ம் ஆண்டில் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுதியில் அது இடம் பெற்றது.

சரித்திரத்தின் விசித்திரத்தைப் பாருங்கள். அந்தப் புத்தகம் அச்சேறிய மை உலர்வதற்குள், அதாவது 1957-ம் ஆண்டளவில், நகரம் பின்வாங்கிவிட்டது. ஜனத்தொகை மேலும் பெருகிற்று, கழிவுநீரும் பெருகிற்று, நிலையம் அதைத் தாங்கவில்லை. முழுச் சுத்திகரிப்புக்கு வேண்டிய தொட்டிகளை மேலும் கட்டுவதற்குப் பதிலாக, கடலுக்குள் 5 மைல் தூரம் செல்லும் நீண்ட குழாய் ஒன்றைப் போடும் வழியை நகரம் தேர்ந்தெடுத்தது. கழிவுநீரின் ஒரு பகுதி மட்டுமே இரண்டாம் படியைக் கண்டது. மீதி முதற்படியோடு குழாயில் சேர்ந்தது. உரம் செய்வது நின்றது. கசட்டை 7 மைல் குழாய் ஒன்றின் வழியாகக் கடலின் அடியில் கொண்டுபோய் விட்டார்கள்.

மணல் சுத்தமாகவே இருந்தது. அழுக்கு தூரமாகப் போய்விட்டதனால் யார் கண்ணிலும் படவில்லை. ஆனால் மாதம் ஒன்றுக்கு 2½ கோடி பவுண்டு எடையுள்ள திடக் கழிவு விரிகுடாவில் சேர்ந்துகொண்டிருந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் குழாயின் வாயருகே கடலடி மண்ணை எடுத்துப் பார்த்தபோது, புழுக்களையும் ஒரு வகைச் சிப்பியையும் தவிர வேறு உயிர் எதுவும் அங்கே இல்லை. பெருங்காயம் கரைந்திருக்கவில்லை, கண்ணுக்கு எட்டாத இடத்தில் குவிந்திருந்தது.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். 1950-ல் நல்ல காரியம் செய்த அதே நகரம், ஏழு ஆண்டுகளில் ஏன் மாறிற்று? அதை ஆண்டவர்கள் தீயவர்கள் அல்லர். சிக்கனம் என்பது நகரசபைக்கு அழகான குணமே. ஆனால் கரையில் வாழும் மனிதனுக்கு ஓட்டு உண்டு. கடலடியில் வாழும் மீனுக்கு இல்லை. வரவு செலவுக் கணக்கைப் பார்த்தால், குழாய் போட்டவகையில் மிச்சம் பிடித்த பணம் ஒரு பக்கத்தில் தெரியும். கடல் இழந்தது எந்தப் பக்கத்திலும் எழுதப்படாது. எழுதப்படாத நஷ்டத்தை ஏற்பது எந்த நிர்வாகத்துக்கும் எளிது.

1972-ம் ஆண்டில் அமெரிக்க மத்திய அரசாங்கம் நீர்த் தூய்மைச் சட்டத்தை விரிவாக இயற்றிற்று. நாட்டிலுள்ள எல்லா நகரங்களும் இரண்டாம் படிச் சுத்திகரிப்பைச் செய்தே தீர வேண்டும் என்று விதித்தது. வெறுமனே கட்டளையிட்டு நிறுத்தவில்லை. கட்டுமானச் செலவில் நூற்றுக்கு 75 பங்கைத் தானே தருவதாகவும் ஏற்றது. ஆயினும் 1977-ல் செய்த திருத்தம் ஒன்று, ஆழ்கடலில் கழிவுநீரை விடும் கடலோர நகரங்கள் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று இடம் கொடுத்தது. கடல் ஆழமானது, நீரோட்டம் உள்ளது, எனவே முதற்படியே போதும் என்பது வாதம். பழைய பெருங்காய நம்பிக்கையே சட்டத்தின் மொழியில் திரும்பி வந்தது. லாஸ் ஏஞ்சலிஸும் விலக்குக் கேட்டது.

இந்த விலக்கை எதிர்த்து எழுந்தவர்கள் பெரிய மனிதர்கள் அல்லர். கடலில் நீந்தும் வழக்கமுள்ள பள்ளி ஆசிரியர் ஒருவர், இல்லத்தரசிகள், கடற்கரைவாசிகள் ஆகியோரே. அவர்களுள் டாரதி கிரீன் என்னும் அம்மையார் 1985-ம் ஆண்டில் ‘ஹீல் தி பே’ என்ற சங்கத்தைத் தொடங்கினார். ‘விரிகுடாவின் நோயைத் தீர்’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். அவர்கள் பொது விசாரணைகளுக்குச் சென்று பேசினார்கள். கழிவுநீர் எங்கே போகிறது என்பதை ஊராருக்கு எடுத்துக் கூறினார்கள். பல ஆண்டுகள் விலக்கை நாடியிருந்த நகரசபை இறுதியில் அம்முயற்சியைக் கைவிட்டது. நியாயஸ்தலத்தில் பதிவான ஒப்பந்தம் ஒன்றின்படி, 1998-ம் ஆண்டு முடிவதற்குள் முழுச் சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டி முடிப்பதாக 1987-ல் வாக்களித்தது. கடலுக்குள் கசடு விடுவதும் அவ்வாண்டிலேயே நின்றது.

வாக்களிப்பது எளிது, பணம் எங்கே? இதற்குள் மத்திய அரசாங்கத்தின் மானியம் சுருங்கிக்கொண்டே வந்தது. 75 பங்கு 55 ஆகக் குறைந்தது. 1987-ல் மானியத் திட்டத்தையே படிப்படியாக முடித்துவிட்டு, ராஜ்யங்களின் மூலம் கடன் கொடுக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். விலக்குக் கேட்டுக் கழிந்த ஆண்டுகளுக்கு நகரம் கொடுத்த விலை இதுதான். முன்னமே தொடங்கியிருந்தால் மிகுதியாகக் கிடைத்திருக்கக்கூடிய பிறர் பணம், தாமதித்ததனால் குறைந்துபோயிற்று. ஹைபீரியனைப் புதுப்பிக்க ஆன மொத்தச் செலவு 160 கோடி டாலர். பழைய நிலையத்தின் ஏறக்குறைய ஒவ்வொரு பகுதியையும் மாற்றிக் கட்டினார்கள். அப்படிக் கட்டும்போதே தினந்தோறும் வந்த 35 கோடி காலன் கழிவுநீரையும் நிறுத்தாமல் சுத்தம் செய்தார்கள். 1998-ல் வேலை முடிந்தது. 1950-ல் இருந்த இடத்துக்கு நகரம் திரும்பிவர நாற்பது ஆண்டுகள் ஆயின.

இத்துடன் கதை முடிந்தது என்று நினைக்கலாம். முடியவில்லை. அந்நகரத்தில் தரைக்கடியில் இரண்டு தனித்தனிக் குழாய் வரிசைகள் உண்டு. வீட்டுக் கழிவு ஒரு வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். தெருவில் பெய்யும் மழைநீர் மற்றொரு வழியாக நேரே கடலுக்குப் போகும். அந்த மழைநீர் தெருவிலுள்ள எண்ணெய், குப்பை, மிருகங்களின் சாணம், தோட்டங்களில் இட்ட பூச்சி மருந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு செல்கிறது. 1995-ம் ஆண்டுக் கோடையில், நீந்த வந்த ஆயிரக்கணக்கானவர்களை விசாரித்து ஓர் ஆராய்ச்சி நடத்தினார்கள். மழைநீர்க் கால்வாய் கடலில் விழும் இடத்தருகே நீந்தியவர்களுக்கு, 400 கஜத்துக்கு அப்பால் நீந்தியவர்களைவிட, காய்ச்சலும் வயிற்றுக் கோளாறும் முதலிய நோய்கள் அதிகமாக வந்தன என்று தெரிந்தது. சாக்கடையை அடக்கினோம், தெருவை அடக்கவில்லை என்பதை நகரங்கள் உணர்ந்தன.

ஆனால் தெருநீரைச் சுத்தம் செய்யப் பணம் திரட்டுவதில் ஒரு பெரிய சட்டச் சிக்கல் இருந்தது. 1978-ல் கலிபோர்னியா மக்கள் நேரடியாக ஓட்டளித்து, வீட்டு வரிக்கு வரம்பு கட்டிவிட்டார்கள். சொத்தின் கணக்கிட்ட மதிப்பில் நூற்றுக்கு 1 பங்குக்கு மேல் வரி போகலாகாது. குறிப்பிட்ட ஒரு காரியத்துக்காக ஸ்தல ஸ்தாபனங்கள் தனி வரி போட விரும்பினால், ஓட்டளிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். 1996-ல் இன்னொரு ஓட்டெடுப்பு, சொத்தின் மீதான கட்டணங்களுக்கும் மக்கள் சம்மதத்தை அவசியமாக்கிற்று. அதில் குடிநீருக்கும் சாக்கடைக்கும் குப்பைக்கும் விலக்கு உண்டு. மழைநீர் வடிகாலுக்கு அந்த விலக்கு இல்லை என்று 2002-ல் நியாயஸ்தலம் தீர்ப்பளித்தது. ஆகவே ஒரே கடலைக் காக்கும் இரண்டு வேலைகளில், சாக்கடை வேலைக்கு நகரசபையின் தீர்மானம் போதுமாயிருந்தது. தெருநீர் வேலைக்கு ஊரையே கேட்டாக வேண்டியிருந்தது.

ஊரைக் கேட்டார்கள். 2004-ம் ஆண்டு நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரசபை, 50 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட அனுமதி கோரி மக்கள் முன் வைத்தது. நூற்றுக்கு 76 பேர் சம்மதித்தார்கள். 2006-ல் சாண்டா மோனிகா என்னும் சிற்றூரும் கடற்கரையையும் கடலையும் காப்பதற்கென்றே தனி வரி ஒன்றை மக்கள் ஓட்டால் விதித்துக்கொண்டது. கடலை எதிரே பார்த்துக்கொண்டிருக்கும் சிற்றூர் சம்மதித்ததில் வியப்பில்லை. 15 மைல் உள்ளே இருக்கும் நகரம் சம்மதித்ததுதான் குறிப்பிடத்தக்கது.

இந்த வெற்றியால் துணிவு பெற்ற லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி, மேலும் ஓர் அடி எடுத்து வைத்தது. கவுண்டி என்பது நம் நாட்டு ஜில்லாவைப் போன்றது. அதற்குள் 88 நகரங்கள் அடங்கியுள்ளன. சாதாரண வீடு ஒன்றுக்கு ஆண்டுக்கு 54 டாலர் கட்டணம் விதிக்கும் யோசனையை அது வெளியிட்டது. சொத்துக்காரர்களுக்குத் தபாலில் அறிவிப்பு அனுப்பி, ஆட்சேபம் கேட்டார்கள். ஆட்சேபங்கள் குவிந்தன. என்னென்ன வேலைகள் நடக்கும் என்ற பட்டியல் எங்கே? இந்தக் கட்டணம் எப்போது முடியும்? பள்ளிக்கூடங்களும் கொடுக்க வேண்டுமா? தன் செலவில் மழைநீரைத் தேக்கி வைப்பவனுக்குச் சலுகை இல்லையா? இக்கேள்விகளுக்குத் தெளிவான விடை இல்லை. 2013-ம் ஆண்டில் கவுண்டியின் மேற்பார்வை மன்றம் அத்திட்டத்தை நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டது.

ஆட்சேபித்தவர்களைக் கடலின் விரோதிகள் என்று சொல்லிவிடுவது நியாயமன்று. வாடகையும் வரியும் கட்டி மாதக் கடைசியில் கையைப் பிசையும் குடும்பத்துக்கு 54 டாலரும் ஒரு தொகையே. கணக்குக் கேட்பது குடிமகனின் உரிமை. கணக்குக் காட்டுவது ஸ்தல ஸ்தாபனத்தின் கடமை. அந்தக் கவுண்டியின் பெருமை என்னவென்றால், தோல்வியைக் கோபமாக எடுத்துக்கொள்ளாமல் பாடமாக எடுத்துக்கொண்டது. ஐந்து ஆண்டுகள் கழித்துத் திருத்திய திட்டத்தோடு மறுபடியும் வந்தது.

2018-ம் ஆண்டு நவம்பர் 6-ந் தேதி ஓட்டுக்கு விடப்பட்ட அத்திட்டத்தின் அமைப்பு கவனிக்கத் தக்கது. வரியை வீட்டின் விலைக்கு ஏற்ப விதிக்கவில்லை. மழைநீர் மண்ணுக்குள் இறங்காதபடி சிமெண்டும் தாரும் கூரையும் போட்டு மூடிய பரப்பு எவ்வளவோ, அதற்கு ஏற்ப விதித்தார்கள். சதுர அடிக்கு 2½ சென்ட். சாதாரண வீட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 83 டாலர். மண்ணைத் திறந்து வைத்திருப்பவன் குறைவாகக் கொடுப்பான். பரந்த மைதானம் முழுவதும் தார் போட்ட கடைக்காரன் மிகுதியாகக் கொடுப்பான். மழைநீரைத் தன் மனையிலேயே தேக்குபவனுக்குக் கழிவு உண்டு. வருமானம் குறைந்த முதியவர்களுக்கு விலக்கு உண்டு. அரசாங்கப் பள்ளிகளுக்கும் வரி இல்லை.

வசூலாகும் பணத்தைப் பங்கிடும் முறையையும் முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். நூற்றுக்கு 50 பங்கு, பல ஊர்களுக்கும் பொதுவான பெரிய நீர்த்திட்டங்களுக்கு. 40 பங்கு, எந்த ஊரில் வசூலாயிற்றோ அந்த ஊரின் நகரசபைக்கே. 10 பங்கு, கவுண்டியின் நிர்வாகத்துக்கும் கல்விப் பிரசாரத்துக்கும் பிற வேலைகளுக்கும். மலையடிவாரத்தில் இருக்கும் ஊருக்குக் கடல் கண்ணில் படாது. ஆனால் தன் தெருவிலேயே ஒரு பூங்காவும், நிலத்தடியில் ஊறும் நீரும் கிடைக்கும் என்றால் அது கை நீட்டும். கடலுக்குப் போகும் நீரைத் தடுத்து நிலத்துக்குள் இறக்கினால் கடலும் பிழைக்கும், கிணறும் நிறையும். கடலுக்காக மட்டும் கேட்காமல் ஊருக்காகவும் கேட்டதே அத்திட்டத்தின் பலம். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல், நூற்றுக்கு 69 பேருக்கு அதிகமாக ஆம் என்றார்கள். ஆண்டுக்குச் சுமார் 28 கோடி டாலர் வருமானத்துக்கு வழி பிறந்தது.

எல்லாம் நிறைவேறிவிட்டது என்று முடிப்பதற்கில்லை. 2021-ம் ஆண்டு ஜூலையில் ஹைபீரியனின் சல்லடைகள் குப்பையால் அடைபட்டு, நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தது. 1 கோடியே 25 லட்சம் காலன் கழிவுநீர் சுத்தம் செய்யப்படாமல் கடலில் விடப்பட்டது. கடற்கரைகள் மறுபடியும் சில நாள் மூடப்பட்டன. ஒரு முறை கட்டிவிட்டோம் என்று உறங்கினால் என்ன நடக்கும் என்பதை 1957 காட்டிற்று. கட்டியதைக் காவல் காக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2021 காட்டிற்று. வீட்டுக் கூரையைப் போலத்தான் இதுவும். வேய்ந்த ஆண்டிலும் செலவு. வேய்ந்த பிறகும் செலவு.

நேயர்களே, வெகு தொலைவிலுள்ள ஒரு நகரத்தின் வரிக் கணக்கை நான் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. கடல் நீரைக் காத்தது சட்டம் மட்டுமன்று, விஞ்ஞானம் மட்டுமன்று. சுத்திகரிக்கும் முறை 1950-லேயே தெரிந்திருந்தது. ஆயினும் 1998 வரை கடல் காத்திருந்தது. பணம் கொடுக்க ஊர் சம்மதித்தபோது நீர் தெளிந்தது. ஊர் கையை மூடியபோது கலங்கிற்று. அந்தச் சம்மதம் கட்டளையால் வரவில்லை. உன் வீட்டு நீர் எங்கே போகிறது, உன் காசு எங்கே போகிறது என்ற இரண்டையும் ஸ்தல ஸ்தாபனம் திறந்து காட்டியபோதுதான் வந்தது.

இனி, முதலில் சொன்ன நம் அக்கறைக்கு வருகிறேன். சம்மதித்தவர்களில் எத்தனையோ பேர் வெளியூர்க்காரர்கள், வெளியூர்க்காரர்களின் பிள்ளைகள். அயோவாவின் சோள வயல்களிலிருந்து வந்த குடும்பத்துக்கு அந்தக் கடல் பாட்டன் சொத்தன்று. ஆயினும் இங்கே குடித்தோம், குளித்தோம், நம் அழுக்கும் இங்கேதான் போகிறது என்பதே அவர்களை அந்தக் கரைக்கு உரியவர்களாக ஆக்கிவிட்டது.

நம்மிடையே ஒரு வழக்கமான பேச்சு உண்டு. ‘இது நம் ஊரா என்ன? இருக்கிற வரை இருந்துவிட்டுப் போகப் போகிறோம்’ என்கிறோம். நானே தில்லியில் பல முறை அப்படிச் சொல்லியிருக்கிறேன். சொந்த ஊர் ஏரி வற்றினால் மனம் பதைக்கிறது. குடியிருக்கும் ஊரின் வடிகால் நாறினால் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறோம். ஆனால் பம்பாயில் வாழும் தமிழர் வீட்டு நீர் அரபிக் கடலைத்தான் தேடிப் போகிறது. விசாகப்பட்டினத்தில் வாழ்பவர் வீட்டு நீர் வங்கக் கடலைச் சேர்கிறது. கடலையே காணாத தில்லியில் நாங்கள் விடும் நீரும் யமுனையில் கலந்து, யமுனை கங்கையில் கலந்து, அதே வங்கக் கடலை அடைகிறது. அந்தக் கடல்தான் நம் ஊர்க் கரையையும் தொடுகிறது.

நம் நாட்டில் 1992-ம் ஆண்டு நிறைவேறிய 74-வது அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்கு அரசியல் சாசனத்திலேயே இடம் அளித்தது. பொதுச் சுகாதாரமும் சுற்றுப்புறப் பாதுகாப்பும் அவற்றிடம் ஒப்படைக்கத்தக்க காரியங்களாகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆகவே கேட்கவேண்டிய இடம் நமக்குத் தெருக்கோடியிலேயே இருக்கிறது. வேற்று ராஜ்யத்தில் பிறந்தவர் என்பதனால் யாருக்கும் அங்கே கதவு அடைபடாது. குடியிருக்கும் இடத்து ஓட்டர் ஜாபிதாவில் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். வட்டத்து உறுப்பினரிடம் நம் தெருச் சாக்கடை எங்கே போய் முடிகிறது என்று கேட்கலாம். அதைச் சீர்செய்ய நகராட்சி பணம் கேட்கும்போது, கணக்கைக் கேட்டுப் பார்த்து, கணக்கு நேராக இருந்தால் முகம் சுளிக்காமல் கொடுக்கலாம்.

பெருங்காயத்தைக் கடலில் கரைப்பது வீண் என்பதற்காக நம் முன்னோர் அந்தப் பழமொழியைச் சொன்னார்கள். கடலுக்காகக் கொடுக்கும் காசை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. சாண்டா மோனிகா விரிகுடாவில் நாற்பது ஆண்டுகள் மிச்சம் பிடித்த பணமே வீணாயிற்று. பிறகு செலவிட்ட பணம் நீராகத் தெரிகிறது.